எத்தனை நாளைக்கு என்று கேட்காத வீடு

எங்கள் கட்டடத்து லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால் உள்ளே நிற்கிறவர்களிடம் முதலில் மன்னிப்புக் கேட்பது அன்ரியாகத்தான் இருக்கும். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் மனேஜர் அல்ல, லிஃப்ட் கொம்பனிக்காரனும் அல்ல. ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் இடையில், பால் பையை நெஞ்சோடு அணைத்தபடி, "நான் ஏறினபடியாத்தான் பாரம் கூடிப்போச்சுது போல. குறை நினையாதேங்கோ" என்பார். அவரிடம் என்ன பாரம்? காற்றடித்தால் கோட்டோடு சேர்ந்து பறக்கிற உடம்பு.

ஒன்ராறியோவின் வோபர்ன் பகுதியில் எங்களுக்கு இரண்டு கதவு தள்ளி இருந்தார். பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால், "என்னாலதானே பிள்ளை உனக்கு இவ்வளவு எழுத்து வேலை" என்று ரெலிபோன் எடுப்பார்.

அம்மாவுக்கு அன்ரியின் இந்தக் குணம் பெரிய பகிடி. "பனி கொட்டினாலும் உவ மன்னிப்புக் கேப்பா" என்பார். ஒருநாள் அப்படியே நடந்தது. அப்பாவின் கார் பனிக்குள் புதைந்து, சக்கரம் சுத்திச் சுத்தி நின்ற இடத்திலேயே நிற்கிறது. வேலைக்குப் போக வந்த அன்ரி ஓடிவந்து சொன்னார்: "நேற்று நான்தான் அண்ணை வாயை வைச்சனான். இந்த முறை பனி குறைவெண்டு சொல்லிப்போட்டன். கண்பட்டுப்போச்சு." அப்பாவுக்குச் சிரிப்பில் கோபம் போய்விட்டது. அன்ரி தன்னை வேலைக்கு ஏற்றிப்போக வந்த வான் வண்டியை விட்டுவிட்டுக் காரைத் தள்ளினார்.

அந்த வான் ஒஷாவாவுக்குப் போகும். அங்கே ஒரு பிஸ்கற் பொதி செய்யும் தொழிற்சாலை. ஒரு கோடை விடுமுறையில் நானும் அதில் வேலைக்குப் போனேன். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம், எதையும் விட்டுவைக்கக்கூடாது என்று துள்ளிக்கொண்டு திரிந்த காலம். நெடுஞ்சாலையில் வான் ஊர்ந்தால் அன்ரி பின்னால் திரும்பி, "இண்டைக்கு நான் இறங்கி வரத்தான் பிந்திப்போச்சு" என்பார். பின் சீற்றிலிருந்து ஒருத்தி, "அன்ரி, இந்த ரோட்டும் நீங்களோ போட்டது?" என்பாள். வானே குலுங்கும். அன்ரியும் சேர்ந்து சிரிப்பார்.

தொழிற்சாலைக்குள் அந்தச் சிரிப்பு இல்லை. ஒருநாள் ஒரு பலகை நிறையப் பெட்டிகளுக்கு லேபல் மாறிப்போய்விட்டது. ஒட்டியவள் என் வயதுப் பெட்டை ஒருத்தி. மேற்பார்வையாளர் வந்து யார் என்று கேட்டார். மெசின் சத்தத்துக்கு மேலாக அன்ரியின் கை எழும்பியது. அன்றைக்கு இடைவேளையில்லாமல் நின்று அத்தனை லேபலையும் உரித்தார். அந்தப் பெட்டை அடுத்தநாள் வீட்டிலிருந்து கேசரி கொண்டுவந்து கொடுத்தாள். பாவம் என்றுதான் நானும் நினைத்தேன். அடுத்த கிழமை அவள் மறுபடியும் பிழைவிட்டபோது மேற்பார்வையாளரைப் பார்க்கவில்லை, நேரே அன்ரியைப் பார்த்தாள்.

வானில் திரும்பி வரும்போது கேட்டுவிட்டேன். "அன்ரி, செய்யாததுக்கு ஏன் உங்களுக்கு உந்த வேலை?"

"பிழை எண்டு ஒண்டு வந்தால் அது ஆரிலயும் இருக்கத்தானே வேணும் பிள்ளை. என்னில இருந்தால் சண்டை முடிஞ்சுபோம்."

சண்டை முடிந்துபோகும் என்பது உண்மைதான். பிழை எங்கே போகும் என்று நான் கேட்கவில்லை.

அந்த வருடம் செப்டெம்பர் தொடக்கத்தில் மொன்றியலில் இருந்து மாமி வந்தார். அன்ரியின் கணவரைப் பெற்ற தாய். எழுபது தாண்டியவர், நெடிய உருவம், பொட்டில்லாத அகன்ற நெற்றி. ஊரிலிருந்து அவரை எடுப்பித்தது மூத்த மகன். அதனால் மொன்றியலில் மூத்தவரோடுதான் நாலைந்து வருடம் இருந்தார். பிறகு ஒருநாள், சின்னவனைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது என்று பஸ்ஸில் ஏறிவிட்டார். அங்கே மூத்த மருமகளோடு ஏதோ மனக்கசப்பு என்று கட்டடத்தில் பேச்சு. மாமி வாய் திறக்கவில்லை. இங்கே யாரும் கேட்கவுமில்லை.

அந்தக் காலத்தில் நான் சனிக்கிழமைகளில் ஒரு தமிழ் நிலையத்தில் தொண்டு வேலை செய்தேன். பிளாசா ஒன்றின் பின்பக்க அறை. வயதுபோனவர்களுக்கு மருத்துவக் காட், அதாவது இலவச வைத்தியத்துக்கான அரசாங்க அட்டை, எடுத்துக் கொடுப்பது எங்கள் வேலை. விதிகள் எல்லாம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஒரு மாகாணத்தை விட்டு இன்னொரு மாகாணத்துக்கு, மொன்றியலிலிருந்து எங்கள் ஒன்ராறியோவுக்கு வருவதுபோல, குடிவந்தால் முதல் மூன்று மாதமும் பழைய மாகாணத்துக் காட் செல்லும். அதற்குப் பிறகு புது மாகாணம் பொறுப்பு. யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், மூச்சுவிடாமல் ஒப்புவிப்பேன்.

கார்த்திகைத் தீபத்தன்று அன்ரி வீட்டு வாசலில் மாமி விளக்கு வைத்துக்கொண்டிருந்தார். நான் அன்ரியைக் குசினிக்குள், அடுப்புப் பக்கமாக இழுத்துக்கொண்டு போனேன்.

"அன்ரி, மாமிக்கு இஞ்சத்தைய காட் பதிஞ்சிட்டியளோ?"

"மெல்லக் கதை பிள்ளை."

"ஏன்? பதியாட்டி மொன்றியல் காட் முடிஞ்சாப் பிறகு ஒண்டும் இல்லை. அவவுக்குச் சீனி வருத்தம் வேற."

அன்ரி கதவை எட்டிப்பார்த்துவிட்டுச் சொன்னார்: "பதியிறதெண்டால், இஞ்ச நிரந்தரமா நிக்கப் போறாவோ எண்டு கேக்கவேணும். எத்தினை நாளைக்கு நிக்கிறியள் எண்டு மாமியாரைப் பாத்து ஒரு மருமகள் கேக்கிறதோ? எப்ப போறியள் எண்டு கேக்கிறமாதிரி எல்லே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "அப்ப அங்கிளைக் கேக்கச் சொல்லுங்கோ."

"அவர் கேட்டால் தமையனோட பங்கு பிரிக்கிறார் எண்டு வரும். அம்மா என்னோடதான் எண்டு மூத்தவர் ஊரெல்லாம் சொல்லிவைச்சிருக்கிறார். காட்டை மாத்தினால் அவர் தாயைப் பாக்கேல்லை எண்ட மாதிரி."

அவ்வளவுதான். ஒரு கேள்வி. அதைக் கேட்டால் மாமி மனம் நோவார், கேட்காவிட்டால் மாமிக்குக் காட் இல்லை. மரியாதை பெரிது என்று வீடு முழுக்க முடிவெடுத்திருந்தது. மொன்றியலிலும் மரியாதைதான். பிறகு மாசியில் அங்கே காட் காலாவதியானபோது, அம்மா இப்போது இங்கே இல்லை என்று காட் கொடுக்கும் அரசாங்கக் கந்தோரில் மூத்தவர் உண்மையைச் சொல்லிவிட்டார். எங்கே இருக்கிறார் என்று சொல்லவில்லை. சொன்னால் தம்பியிடம் தள்ளிவிட்டதாக ஆகிவிடுமே.

மார்கழியில் மாமிக்கு அன்ரி பனிச் சப்பாத்து வாங்கிக்கொடுத்தார். நல்ல சப்பாத்து, உள்ளே ஆட்டுமயிர் வைத்தது. அது மாமியின் கால்விரலைக் கடித்தது. மாமி சொல்லவில்லை. மருமகள் ஆசையாய் வாங்கித் தந்ததைக் குறைசொல்லலாமோ? தை பிறந்து பொங்கல் பொங்கினபோது மாமி நொண்டினார். சின்னவிரலும் அதற்கடுத்த விரலும் சிவந்திருந்தன. சீனி வருத்தக்காரருக்குக் கால் உணர்ச்சி குறைவு, நோகவில்லை என்றார்.

ஒருதரம் மட்டும் அன்ரி அவரை பிளாசாவில் இருந்த கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். வரவேற்பில் இருந்த பெண் காட்டைக் கேட்டாள். அன்ரி, "சொறி, சொறி" என்று மன்னிப்புக் கேட்கத் தொடங்க, மாமி கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். "காட் இல்லாத இடத்தில எனக்கென்ன அலுவல்? வா." அதற்குப் பிறகு எவ்வளவு கெஞ்சியும் வரவில்லை. காசு கட்டி டொக்டரிடம் காட்டலாம் என்று அன்ரியின் கணவர், சின்னவர், சொன்னபோது, "நானென்ன உங்களுக்குச் செலவு வைக்க வந்தனானோ?" என்று கேட்டார்.

அதனால் அன்ரி கழுவினார். ஒஷாவாவிலிருந்து வந்த களைப்போடு, கோட்டைக்கூடக் கழற்றாமல், குசினி நிலத்தில் குந்தியிருந்து, உப்பும் மஞ்சளும் போட்ட இளஞ்சூட்டுத் தண்ணீரில் அந்தக் காலைக் கழுவித் துடைத்துக் கட்டுவார். நான் சிலவேளை பக்கத்தில் நின்று பஞ்சு எடுத்துக் கொடுப்பேன். மாமி மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார்.

பங்குனியில் காய்ச்சல் வந்தது. விரல் கறுத்துவிட்டது. அம்புலன்ஸ் வந்தது, ஆசுப்பத்திரி, இரண்டு விரலையும் எடுத்தார்கள்.

நான்தான் மொழிபெயர்க்கக் கூட இருந்தேன். டொக்டர் இளைஞர், கண்ணில் நித்திரைக் களைப்பு. எவ்வளவு நாளாக இப்படி இருந்தது என்று கேட்டார். குற்றம் சுமத்தும் குரலில் அல்ல, குறித்துவைப்பதற்காக. நான் தமிழில் கேட்டேன். லிஃப்டுக்கும் பனிக்கும் லேபலுக்கும் மன்னிப்புக் கேட்ட மனுசி. இப்போது அது வரும் என்று காத்திருந்தேன். அன்ரி வாய் திறக்கவில்லை. கைப்பையின் கொக்கியைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றார். சொல்லவே முடியாத பிழை என்றும் ஒன்று அவருக்கு இருக்கிறது என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது.

மூத்தவர் மொன்றியலில் இருந்து காரில் வந்தார். அன்ரி வீட்டு ஹோலில் கோட்டைக் கழற்றாமலே இருந்தார்.

"நாங்கள் அம்மாவை அனுப்பேல்லை. அவவாத்தான் வந்தவ" என்றார்.

"அனுப்பினதெண்டு நானெங்க சொன்னனான்?" என்றார் சின்னவர்.

"ஒரு காட் பதியத் தெரியாதோ உங்களுக்கு?"

"நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால்..."

பிறகு இருவரும் நிறுத்திக்கொண்டார்கள். இருவருடைய பார்வையும் குசினிப் பக்கம் போனது. அதை நான் என் கண்ணால் கண்டேன். தட்டத்தோடு வந்த அன்ரி, "பிழை என்னில அத்தான். நான்தான் கவனிச்சிருக்க வேணும்" என்றார். மூத்தவர் உடனே கோட்டைக் கழற்றினார். தேத்தண்ணி குடித்தார்கள். அறையே இளகிவிட்டது. எனக்கும் அப்பாடா என்றிருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

மூத்தவரிடம் ஒரு திட்டம் இருந்தது. ஆசுப்பத்திரி பில் பெரிதாக வரும். ஒன்ராறியோவில் பதியவில்லை, அதனால் இங்கே ஒன்றும் கிடையாது என்று எல்லாரும் நம்பியிருந்தோம். நானும்தான். அதனால் அம்மா மாசியில்தான் இங்கே வந்தவர் என்று சொல்லிவிட்டால், மூன்று மாதம் ஆகவில்லை, மொன்றியல் பக்கம் கட்டும்.

"கந்தோரில போய் இவ ஒரு சொல்லுச் சொன்னால் காணும்" என்று அன்ரியைக் காட்டினார். "மாசியிலதான் வந்தவ, பழைய காட்டைப் புதுப்பிக்க நான்தான் மறந்திட்டன் எண்டு."

"அது பொய்யெல்லே அங்கிள்? கண்டுபிடிச்சால்..." என்று நான் தொடங்கினேன்.

"பிள்ளை, நீர் படிக்கிற பிள்ளை, சட்டம் கதைக்கிறீர். பில் வந்தால் சட்டமோ கட்டும்?"

அன்ரி தலையாட்டினார். எப்போதும் போல.

மாமி வீடு வந்து, சக்கர நாற்காலியில் இருக்கப் பழகியபின், ஒரு வெள்ளிக்கிழமை அப்பா எங்களைக் காரில் கந்தோர் வாசலில் இறக்கிவிட்டார். அன்ரியின் கணவருக்கு மார்க்கம் நகரில் வேலை, லீவு கிடைக்கவில்லை. மாமி, அன்ரி, நான். என்னுடைய பைக்குள் நான் ஓடியாடிச் சேர்த்த அத்தாட்சிகள்: மாமிக்கு ஐப்பசியில் திறந்த வங்கிக் கணக்கு, முதியோர் ஆங்கில வகுப்பில் சேர்ந்த கடிதம். மாசி என்று சொன்னால் அதெல்லாம் வெளியே எடுக்கமுடியாது. எடுக்கவா, விடவா என்று என் கை பைக்குள்ளேயே இருந்தது.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரப் பெண், என் அம்மாவின் வயது. மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். மாமியின் காலைப் பார்த்துவிட்டு முகம் கனிந்தது. கேட்டார்: இவர் எப்போதிலிருந்து ஒன்ராறியோவில் வசிக்கிறார்? பார்க்க வந்து போனதைக் கேட்கவில்லை. குடியிருப்பதைக் கேட்கிறேன்.

நான் தமிழில் சொன்னேன். அன்ரியின் உதடு 'மா' என்று குவிந்ததைக் கண்டேன். பிறகு அவர் கண்ணாடிப் பக்கமிருந்து மாமியிடம் திரும்பினார். குனிந்து, கந்தோர் என்றும் பாராமல், கேட்டார்:

"மாமி, நீங்கள் எங்களோட இருக்கப் போறியளோ?"

மாமி அவரை நிமிர்ந்து பார்த்தார். "உதைக் கேக்க உனக்கு இவ்வளவு காலம் எடுத்ததோ?"

"போகச் சொல்லுறன் எண்டு நினைச்சிடுவியள் எண்டு..."

"நீ கேக்காதபடியாத்தான் போகச் சொல்லுறாய் எண்டு நினைச்சனான். உன்ர அலுமாரியில ஒரு தட்டு எனக்கெண்டு காட்டினனியோ? என்ர சீலையெல்லாம் இன்னும் பெட்டிக்குள்ளதான் கிடக்குது." சக்கர நாற்காலியின் கைப்பிடியைத் தட்டினார். "இருக்கிறன். வேற எங்க போக?"

கண்ணாடிக்குப் பின்னால் பேனை காத்திருந்தது. "என்ன சொல்கிறார்? எப்போதிலிருந்து?"

"மாமி, எப்ப தொடங்கி எண்டு கேக்கினம்" என்றேன்.

"இண்டையிலயிருந்து எண்டு சொல்லு" என்றார் மாமி. "இண்டைக்குத்தானே கேட்டவள்."

இன்றையிலிருந்து என்றால் மாமி இன்றைக்குத்தான் இங்கே குடிவந்தவர், ஆசுப்பத்திரியில் கிடந்ததெல்லாம் விருந்தாளியாக. பில் அப்படியே தலையில் விழும். மாசி என்றால் பொய். அதுவரை எந்தக் கந்தோரிலும் ஒரு சொல் பிந்தாமல் மொழிபெயர்த்த நான் வாயைத் திறந்தபடி நின்றேன்.

அன்ரிதான் பேசினார். ஆங்கிலத்தில். லிஃப்டில் 'சொறி' தவிர வேறு சொல் சொல்லிக் கேட்டறியாத ஆங்கிலம்.

"செப்டெம்பர்" என்றார். "மை ஹவுஸ். செப்டெம்பர். ஐ நொட் ஆஸ்க். மை மிஸ்ரேக். பட் ஷி லிவ்." பிறகு என்னைப் பார்த்து, கோபம்போல, "கேக்காதது என்ர பிழை. இருந்தது இருந்ததுதான். சொல்லன் பிள்ளை" என்றார்.

நான் சொன்னேன். பையிலிருந்ததையெல்லாம் எடுத்து வைத்தேன். அந்தப் பெண் ஒவ்வொன்றையும் ஆறுதலாகப் பார்த்து, உள்ளே போய் யாரிடமோ கேட்டு, சிரித்துக்கொண்டு வந்தார். கவலை வேண்டாம் என்றார். பதிய எப்போது வந்தீர்கள் என்பதல்ல, குடிவந்தது எப்போது என்பதுதான் கணக்கு. செப்டெம்பரில் வந்திருக்கிறார், மூன்று மாதம் கழிய டிசம்பரிலிருந்து ஒன்ராறியோ இவருக்குப் பொறுப்பு. ஆசுப்பத்திரிச் செலவு இதற்குள் வந்துவிடும்.

நான் அந்த இடத்திலேயே துள்ளிவிட்டேன். வெளியே சுவரோரம் இருந்த ரெலிபோனில் காசு போட்டு அன்ரியின் கணவருக்குச் சொன்னேன். மறுமுனையில் அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. "அண்ணைக்கு நான் சொல்லுறன்" என்றார். மாமி, "நல்லது" என்றதோடு சரி.

திரும்பி வந்தபோது அன்ரி மாமியின் காலடியில் குந்தியிருந்தார். கட்டுப்போட்ட காலுக்குத் தடித்த கம்பளிக் காலுறையை மாட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே கேட்டார்:

"பிள்ளை, அப்ப மார்கழியில இருந்தே இவவுக்கு இஞ்ச எல்லாம் இருந்திருக்குதோ?"

"ஓம் அன்ரி. பதியாததுதான் குறை. வந்து பதிஞ்சிருந்தால் சரி."

"தையிலதானே விரல் சிவந்தது."

நான் பையின் சிப்பை இழுத்து மூடினேன்.

"அப்ப டொக்டரிட்டப் போயிருக்கலாம்."

"ஓம் அன்ரி."

கதவு திறந்து மூடும்போதெல்லாம் வெளிக்குளிர் உள்ளே அடித்தது. மாமி தன் மருமகளின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னத்துக்கு இதில குந்திக்கொண்டு? குளிருது" என்றார். "எழும்பு, வீட்டை போவம்."

அன்ரி எழும்பவில்லை. சரியாகவே மாட்டியிருந்த காலுறையைக் கழற்றி, மறுபடியும் முதலிலிருந்து மாட்டத் தொடங்கினார்.